தம்பி, மைக்கை மாட்டுங்க

கப்பல் உலகம் என் குரலை முதன்முதலில் கேட்டது ரசம் விஷயமாகத்தான்.

தேர்ட் மேட்டாக எனக்கு அது முதல் கப்பல். இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என் வாட்ச். மலாக்கா நீரிணையின் வடக்கு வாசலை நெருங்கிக்கொண்டிருந்தோம். வீலில் நின்ற ஏபி, அதாவது மாலுமி, வேம்பார்க்காரர், அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர். கப்பலில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டால் பேச்சு கடைசியில் சாப்பாட்டில்தான் போய் நிற்கும். அன்று மெஸ்ஸில் புளியும் இல்லாமல் தக்காளியும் இல்லாமல் ஒரு மிளகுத் தண்ணீரை ரசம் என்று ஊற்றியிருந்தார்கள். எங்கள் வீட்டு ரசம், பெரியம்மா வீட்டு ரசம், பந்தி ரசம் என்று வகை பிரித்து ஆரம்பித்தவன், குக்கின் பூர்வீகம் வரைக்கும் போய்விட்டேன். அண்ணன் அவ்வப்போது 'ம்' கொட்டினார்.

நடுவில் ஒன்றைக் கவனித்து மகிழவும் செய்தேன். எந்நேரமும் சளசளக்கும் விஎச்எஃப் ரேடியோ அன்று வாயே திறக்கவில்லை. "இன்னைக்கு என்ன அமைதி பாருங்கண்ணே" என்றேன்.

அந்த அமைதியை ஏற்படுத்தியவன் நான்தான். மைக்கைக் கொக்கியில் மாட்டாமல் பைலட் நாற்காலியின் இடுக்கில் செருகி, அதன்மேலேயே சாய்ந்திருந்தேன். பட்டன் அமுங்கிக் கிடந்தது. 16-ஆம் சேனலில் பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில். பட்டன் அமுங்கியிருக்கும்வரை நம் செட் பேசும், கேட்காது. விமான ரேடியோ இன்றும் ஏஎம் முறையில்தான் இயங்குகிறது. அதில் இருவர் ஒன்றாகப் பேசினால் கரகரப்பாவது கேட்டு, இன்னொருவர் இருப்பது தெரிந்துவிடும். கப்பல் ரேடியோ எஃப்எம். வலுத்த சிக்னல் இளைத்ததை அப்படியே விழுங்கிவிடும். எங்களுடையது 25 வாட், கப்பலை ஓட்டும் பிரிட்ஜுக்கு மேலே உயரத்தில் ஏரியல். சுற்றிலும் எத்தனையோ மைலுக்கு, அந்த நேரத்தில் 16-இல் யாரும் யாரையும் கூப்பிட முடியாமல் என் பெரியம்மாவின் கைப்பக்குவத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்ததும் பட்டன் விடுபட்டது. ஸ்பீக்கரிலிருந்து பல நாட்டு ஆங்கிலத்தில் வசவு கொட்டியது. வேறு யாருக்கோ விழுகிறது என்று நினைத்து, "ரேடியோ ஒழுக்கமே இல்லாத ஆளுங்க" என்று அண்ணனிடம் குறைபட்டேன். எல்லாம் ஓய்ந்த பிறகு நிதானமான ஒரு குரல், சுத்தமான திருநெல்வேலித் தமிழில் வந்தது: "தம்பி, ரசத்தை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல மைக்கை மாட்டுங்க."

எந்தக் கப்பல் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் நிலையில் நானும் இல்லை. தொடர்ந்து சில நிமிடம் பட்டன் அமுங்கியிருந்தால் தானே ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும் செட்டுகள் உண்டு. அவற்றைச் செய்தவர் என்னைப்போல் ஒருவனோடு வாட்ச் நின்றவராக இருக்க வேண்டும்.

16-ஆம் சேனல் என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்துக்கும் பாதுகாப்புச் செய்திக்கும் அழைப்புக்கும் உலகக் கடல் முழுவதற்கும் பொதுவான இடம். கல்யாண வீட்டு வாசலைப் போன்றது அது. வந்தவரை வாங்க என்று கும்பிட்டு, சந்தனத்தைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட வேண்டும். வாசலிலேயே நின்று குசலம் விசாரித்தால் பின்னால் வருகிறவர் தெருவில் நிற்பார். கூப்பிட மட்டும் 16. கூப்பிட்டவரோடு பேசுவதற்குக் கப்பலுக்கும் கப்பலுக்குமான 6, 8, 72, 77 என்று இருக்கின்றன. பிரிட்ஜுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே பாதுகாப்புப் பேச்சுக்கு 13. துறைமுகங்களுக்குத் தனி, கரை நிலையங்களுக்குத் தனி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிகளில் 18-ஆம் பின்னிணைப்பு முழுக்க இந்த அட்டவணைதான். அதை மனப்பாடம் செய்துதான் கப்பல் ரேடியோவுக்கான ஜிஎம்டிஎஸ்எஸ் வாய்மொழித் தேர்வுக்குப் போனேன்.

தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "16-க்குப் பக்கத்துச் சேனல்கள் எவை?"

இதற்கா இவ்வளவு படித்தோம் என்று நினைத்தபடி, "15, 17 சார்" என்றேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "மறுபடி சொல்லுங்க."

ஆங்கிலம் புரியவில்லை போலிருக்கிறது என்று, அதையே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

ஆதியில் சேனல்களுக்கு நடுவே 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருந்தது. கூட்டம் பெருகியதும் அதை 25 ஆகக் குறைத்து, நடுவில் கிடைத்த இடங்களில் புதிய சேனல்களைக் குடியமர்த்தி, அவற்றுக்கு 60-லிருந்து எண் கொடுத்தார்கள். அதனால் 15-க்கும் 16-க்கும் நடுவே உட்கார்ந்திருப்பது 75. 16-க்கும் 17-க்கும் நடுவே 76. இரண்டிலும் 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, 16-இல் விழும் அபயக்குரலை அவை கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. கப்பலுக்குள்ளேயே பேசிக்கொள்ள வைத்திருக்கும் 15, 17-க்கும் அதே 1 வாட் கட்டுப்பாடு. இவ்வளவையும் தேர்வாளர் எனக்கு விளக்கினார். "ஒண்ணு விட்டுப் பக்கம் சார்" என்று சமாளித்தேன். பாஸ் போட்டுவிட்டார், ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

படித்தது கப்பலில் கைகொடுத்ததா என்றால், அதுவும் இல்லை. கூடப் படித்தவனின் கப்பல் ஒருநாள் பக்கத்தில் போனது. 16-இல் கூப்பிட்டேன், பதில் வந்தது. நெரிசல் இல்லாத சேனலாகப் பார்த்துப் பெருமையோடு சொன்னேன்: "செவன் ஜீரோவுக்கு வாடா." 70-இல் நெரிசல் இல்லாததற்குக் காரணம், அது மனிதக் குரலுக்கே கிடையாது என்பது. 156.525 மெகாஹெர்ட்ஸ், டிஎஸ்சி என்ற டிஜிட்டல் அழைப்புக்கு மட்டும் ஒதுக்கியது. ஆபத்தில் சிவப்புப் பட்டனை அழுத்தினால் கப்பலின் எண்ணையும் இருக்கும் இடத்தையும் சுமந்துகொண்டு அழைப்பு அதில்தான் போகும். செட் என் குரலை ஏற்கவே இல்லை. அவனுடையதும் அப்படியே. இருவரும் 16-க்கே திரும்பி வந்து, நீ ஏன் வரவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். சம்பந்தமில்லாத மூன்றாவது கப்பல் ஒன்று குறுக்கிட்டு, சேனல் 70 எதற்கு என்பதை எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தது. நண்பன் அதற்குப் பிறகு என்னை ரேடியோவில் கூப்பிடுவதில்லை.

எல்லா செட்டிலும் 25 வாட்டுக்கும் 1 வாட்டுக்கும் மாற்ற ஒரு பட்டன் உண்டு. பிரிட்ஜில் தூசு படிவதற்கென்றே வைத்த பட்டன் அது என்பது என் அபிப்பிராயம். அரை மைல் தள்ளி நங்கூரமிட்டிருக்கும் கப்பலிடம், தண்ணீர் படகு வந்ததா என்று கேட்க 1 வாட் தாராளம். நாங்கள் 25 வாட்டில் கேட்டு, அடுத்த நாட்டுக் கப்பலுக்கும் தண்ணீர் நிலவரத்தைத் தெரிவிப்போம்.

என் இனம் புதியதல்ல என்பது ஓர் ஆறுதல். 1912 ஏப்ரல் 14 இரவு, பனிப்பாறைகளுக்கு நடுவே நின்றுவிட்டோம் என்று கலிஃபோர்னியன் கப்பலின் வயர்லெஸ் ஆபரேட்டர் எவன்ஸ், டைட்டானிக்குக்குச் சொல்லப் பார்த்தார். கேப் ரேஸ் நிலையத்துக்குப் பயணிகளின் தந்திகளை அனுப்பும் மும்முரத்தில் இருந்த டைட்டானிக் ஆபரேட்டர் ஃபிலிப்ஸ், வாயை மூடச் சொல்லிவிட்டார். எவன்ஸும் கொஞ்ச நேரத்தில் செட்டை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். டைட்டானிக் மோதியது இரவு 11.40-க்கு. ஆபத்து அழைப்புக்கான அலைவரிசைகளுக்குப் பிற்பாடு மௌனவேளை விதித்தார்கள். 2182 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு மணிக்கும் அரைமணிக்கும் மூன்று நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, யாராவது பலவீனமாகக் கூப்பிடுகிறார்களா என்று கேட்க வேண்டியிருந்தது. அதற்காகவே சிவப்பும் பச்சையும் பட்டை தீட்டிய ரேடியோ ரூம் கடிகாரங்கள் இருந்தன. நான் படித்த இடத்தில் ஒன்று தொங்கியது. அலங்காரத்துக்குப் போட்ட வண்ணம் என்றே ஒரு பருவம் முழுக்க நினைத்திருந்தேன்.

இனி சிங்கப்பூர். என் அவமானங்களின் தலைநகரம்.

மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள் வழியாக ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட தடவை கப்பல்கள் போய்வருகின்றன. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் கேட்டு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்று, 1998 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் ஏற்பாடு ஸ்ட்ரெய்ட்ரெப். நீரிணையை ஒன்பது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மொத்தக் கொள்ளளவு 300 ஜிடியும் அதற்கு மேலும் உள்ள கப்பல், 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான கப்பல், ஆபத்தான சரக்கு ஏற்றியது என்று பெரும்பாலும் யாரும் தப்ப முடியாது. பகுதிக்குள் நுழையும்போது விவரம் சொல்லியாக வேண்டும். கடைசி மூன்று பகுதிகள் சிங்கப்பூரின் கப்பல் போக்குவரத்து மையமான விடிஐஎஸ் பொறுப்பில். மேற்கே சேனல் 73, நடுவே 14, கிழக்கே 10. ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் காது, தனி வாய். அத்தனை கப்பலும் ஒரே சேனலில் வந்து விழுந்தால் ஆபரேட்டரால் யாரையும் எச்சரிக்க முடியாது.

சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி, வாய்க்குள் ஒத்திகை பார்த்து, இடைவெளிக்காகக் காத்திருந்தேன். 73-இல் இடைவெளி வருவதே அபூர்வம். வந்ததும் பாய்ந்தேன். பட்டனை அழுத்திய பிறகு செட் விழித்துக்கொள்ள ஒரு கணம் கொடுக்க வேண்டும். என் அவசரத்தில் கப்பல் பெயரின் முன்பாதி எங்கள் பிரிட்ஜுக்குள்ளேயே தங்கிவிட்டது. அவர்கள் கேட்டது பின்பாதியை மட்டும். மறுபடி கேட்டார்கள்; மறுபடி சொன்னேன். கடைசியாக, கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்ற கேள்வி. "ஃபிஃப்டீன் மீட்டர்ஸ்" என்றேன், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட உச்சரிப்பில். மறுமுனையில் சிறு மௌனம். பிறகு கொஞ்சமும் கேலி இல்லாமல் கேட்டார்கள்: ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா?

ஐம்பது மீட்டர் அமிழும் கப்பல் அந்த நீரிணைக்குள் வரவே முடியாது. பதினைந்து மீட்டரே அங்கே பெரிய விஷயம். அந்த அளவும் அதற்கு மேலும் அமிழ்ந்ததை ஆழக் கப்பல் என்று தனியாக வைத்திருக்கிறார்கள், கப்பலின் அடிக்கும் கடல்தரைக்கும் நடுவே எப்போதும் 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லும்படி கடல்சார் அமைப்பின் தொடர்புச் சொற்றொடர் நூல் 2001-இல் வந்தபோதே விதித்தாகிவிட்டது. எங்கள் பிரிட்ஜிலும் ஒரு பிரதி இருந்தது. என் காபிக் கோப்பை அதன்மேல்தான் இருக்கும்.

அதோடு விட்டேனா? மேற்குப் பகுதி முடிந்து நடுப்பகுதிக்குள் கப்பல் நுழைந்தது. நான் 73-இலேயே இருந்தேன். சேனலை மாற்றுவது என் வேலை; செட் தானாக மாற்றாது. என் அறிக்கை இவ்வளவு நேர்த்தியாக முடிந்ததே என்ற நிறைவில் நின்றிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து யாரும் தொந்தரவு செய்யவில்லை, எங்கள் கப்பலைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் 14-இல் எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, கடைசியில் 16-இல் வந்து பிடித்தார்கள். முன்னால் ஒரு டேங்கர் பாதையைக் குறுக்கே கடக்கிறது, வேகம் குறைக்கலாம் என்பது செய்தி. கேப்டனும் டேங்கரைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கரையில் தோற்றது வேறு விதம். அங்கே சேனல் அட்டவணையே கொஞ்சம் மாறுபடும். பல செட்டுகளில் சர்வதேச முறை, அமெரிக்க முறை என்று மாற்றிக்கொள்ள வசதி உண்டு. கோஸ்ட் கார்டு 16-இல் கூப்பிட்டு, 22 ஆல்ஃபாவுக்கு வாருங்கள் என்றார்கள். 22 போட்டேன். ஆல்ஃபா என்பது ஏதோ மரியாதைச் சொல் என்று விட்டுவிட்டேன். சர்வதேச 22 இரட்டை அலைவரிசை கொண்டது: கப்பல் 157.1-இல் பேசும், 161.7-இல் கேட்கும். அமெரிக்க 22ஏ-யில் பேச்சும் கேட்பும் 157.1-இலேயே. ஆகவே நான் பேசியதெல்லாம் அவர்களுக்கு மணிமணியாகக் கேட்டது. அவர்கள் சொன்ன ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை. பதிலே இல்லையே என்று குரலை உயர்த்தினேன். அவர்கள் சளைக்காமல் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அந்தச் சேனலுக்கு 1022 என்று நான்கு இலக்க எண் கொடுத்துவிட்டார்கள். எழுத்தை மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொள்ள இனி வழியில்லை.

சிரிப்பதற்கு இடமில்லாத ஒன்றும் அதே நாட்டில் உண்டு. 1971 ஜனவரி 18 அதிகாலை, சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தருகே பனிமூட்டத்தில் ஒரே நிறுவனத்தின் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள், அரிசோனா ஸ்டாண்டர்டும் ஓரிகான் ஸ்டாண்டர்டும் மோதிக்கொண்டன. சுமார் 8 லட்சம் காலன் எண்ணெய் வளைகுடாவில் கொட்டியது. இரண்டு பிரிட்ஜும் மோதலுக்கு முன் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. அந்த ஆண்டே பிரிட்ஜுக்குப் பிரிட்ஜ் ரேடியோவைக் கட்டாயமாக்கி அமெரிக்கா சட்டம் போட்டது. இந்தக் கதையைப் படித்தபோது, பேசாததால்தான் விபத்து, பேசுகிற நான் பாதுகாப்பான ஆள் என்று எனக்கு ஒரு தெம்பு வந்தது.

அந்தத் தெம்போடுதான் தென்சீனக் கடலில் ஒரு வேலை செய்தேன். கப்பல் தன் பெயரையும் இடத்தையும் தானே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி எல்லாக் கப்பலிலும் வந்திராத காலம். ராடாரில் புள்ளி தெரியும், பெயர் தெரியாது. வலப்பக்கத்திலிருந்து ஒரு கப்பல் குறுக்கே வந்தது. விதிப்படி வழிவிட வேண்டியவன் நான். மோதல் தவிர்ப்பு விதிகளில், எந்தக் கப்பல் எப்போது எப்படித் திரும்ப வேண்டும் என்பதற்கு விளக்கு உண்டு, ஒலி உண்டு, ரேடியோவில் பேசித் தீர்த்துக்கொள் என்று ஒரு வரி கிடையாது. நேரத்தோடு வலப்பக்கம் திரும்பியிருந்தால் அரை நிமிட வேலை. நான் மைக்கை எடுத்தேன். "என் வலது முன்பக்கம் இருக்கும் கப்பலே" என்று 16-இல் கூப்பிட்டேன். உடனே ஒருவர் பதில் சொன்னார். உங்கள் பின்பக்கமாகப் போய்க்கொள்கிறேன் என்றார். என்ன பண்பான மனிதர் என்று நன்றி சொல்லி, என் பாதையிலேயே போனேன்.

கண்ணுக்குத் தெரிந்த கப்பல் பின்பக்கம் போகும் அறிகுறியையே காட்டவில்லை. அந்தக் கடலில் அந்த நேரம், யாரோ ஒருவருக்கு வலது முன்பக்கத்தில் இருந்த கப்பல்கள் எத்தனையோ. கேப்டன் மேலே வந்து பார்த்தவுடன் ஹார்ட் ஸ்டார்போர்ட், அதாவது முழு வலப்பக்கத் திருப்பம், கொடுத்தார். நல்ல தூரம் விட்டே கடந்தோம். அதன் பிறகு கேட்டார்:

"யார்கூடப் பேசின?"

"தெரியலை சார்."

"அவன் எங்க இருக்கான்?"

"அதுவும் தெரியலை சார்."

"பின்ன எதுக்குப் பேசின?"

யாரோ பதில் சொன்னார், அதனால் பேசினேன் என்பதுதான் உண்மை. அதை அவரிடம் சொல்லவில்லை. ரேடியோவை நம்பி நேரத்தைத் தொலைக்காதீர்கள் என்று பிரிட்டிஷ் கடல்சார் அதிகாரிகள் வெளியிட்ட ஓர் எச்சரிக்கைக் குறிப்பைப் படிக்கக் கொடுத்தார். ஆள் மாறிப் பேசுவதையும் அதில் எழுதியிருந்தார்கள். எனக்கு முன்பே போதுமான பேர் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்து நிம்மதியாக இருந்தது.

பேச்சே இல்லாமல் போனால் தேவலை என்று அப்போதிலிருந்து ஏங்கினேன். ஏஐஎஸ் கட்டாயமானது. பெயர், வேகம், திசை எல்லாம் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயந்திரமே சொல்லிவிடும். கரையும் கப்பலும் எழுத்தாகவே செய்தி மாற்றிக்கொள்ள இன்னும் சில சேனல்களை ஒதுக்கியிருக்கிறார்கள். என்னைப்போன்ற வாயாடிகளுக்கு விடிவுகாலம் என்று நினைத்தேன். ஆனால் ஏஐஎஸ்ஸில் வேகத்தை ஜிபிஎஸ் எழுதும்; கப்பல் ஓடுகிறதா, நங்கூரத்தில் நிற்கிறதா என்ற வரியை எழுதுவது வாட்சில் இருக்கும் ஆபீசர்.

சிங்கப்பூருக்கு வெளியே எண்ணெய் நிரப்ப நங்கூரம் போட்டு, வேலை முடிந்து கிளம்பினோம். நடுப்பகுதியில் இருந்தோம், இம்முறை 14-இல் சரியாகக் காது வைத்திருந்தேன். எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். உங்கள் ஏஐஎஸ், நங்கூரத்தில் நிற்பதாகக் காட்டுகிறது. வேகம் 12 நாட் என்றும் காட்டுகிறது. எது சரி என்று உறுதிசெய்யவும் என்றார்கள். சட்டென்று வரியை மாற்றிவிட்டு, பதில் சொல்ல மைக்கை எடுத்தேன். கேப்டன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.